கொழுக்கட்டைப் புல்லிடம் தோற்றவன்

பொறாமைப்படுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. என்னைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறவர், என்னைவிட அதிகத் தலைமுடி உள்ளவர், டிராமில் எனக்கு முன்னால் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டவர் என்று யாரைப் பார்த்தும், முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் என்னால் பொறாமைப்பட முடியும். ஆனால் முழங்கால் உயரம்கூட வளராத ஒரு புல்லைப் பார்த்து முக்கால் வருஷம் வயிறு எரிந்தேன் என்றால், என்னை நன்றாகத் தெரிந்தவர்களே நம்புவதில்லை.

உலகச் சண்டைக் காலம் அது. கால்நடைத் தீவனம் சம்பந்தப்பட்ட ஒரு சர்க்கார் ஆபீசில் நான் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். வைக்கோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மயிலாப்பூர் மாடுகள் நாடகச் சுவரொட்டிகளைக் கிழித்துத் தின்று காலம் தள்ளின. பிறகு காகிதக் கட்டுப்பாடு வந்தது, சுவரொட்டியும் போயிற்று. அதன் பிறகுதான் மாடு வைத்திருப்பவர்கள் மனு எழுத ஆரம்பித்தார்கள். மனுவுக்கு மட்டும் எல்லோருக்கும் எப்படியோ காகிதம் கிடைத்தது.

எங்கள் மேலதிகாரி மனுக்களைப் படிக்கிற அபூர்வ மனிதர். படித்துவிட்டு, அடையாற்றுக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டி அரை ஏக்கர் மணல் நிலம் பிடித்தார். நடுவில் ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் கினியாப் புல், அந்தப் பக்கம் கொழுக்கட்டைப் புல். மழைக்காலம் முடிந்து பங்குனி பிறக்கும்வரை இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர்; எது அதிகம் விளைகிறது என்று நிறுத்துப் பார்ப்பது. பங்குனியிலிருந்து சொட்டுத் தண்ணீர் கிடையாது; எது உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பது. கினியாவுக்கு நான் பொறுப்பு. கொழுக்கட்டைக்கு என் எதிர் மேஜைக்காரர்.

இதில் பொறாமைக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதிகாரி கடைசியாகச் சொன்ன வார்த்தையில் இருந்தது.

"ஜெயிக்கிற புல்லைப் பற்றித் தமிழிலே ஒரு சின்னப் புஸ்தகம் போடப் போறோம். பதினாறு பக்கம். இருக்கிற காகிதத்துக்கு ஒண்ணுதான் போட முடியும். அந்தப் புல்லை வளர்த்தவரே எழுதணும். அட்டையிலே அவர் பேர் வரும்."

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அதில் பதினைந்து வருஷம் பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்தேன். திருப்பி அனுப்புவதற்கான தபால் தலையையும் நானே வைத்து அனுப்பியதால், ஒன்றுகூட வழியில் தொலையாமல் வீடு வந்து சேர்ந்தது. அதுவரை என் பெயர் ஒரே ஒரு தடவைதான் அச்சில் வந்திருந்தது, என் கல்யாணப் பத்திரிகையில். அதிலும் மாமனார் பெயர் என் பெயரைவிடப் பெரிய எழுத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கினியாப் புல்லைப் பற்றிய புத்தகத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன். புல்லை இன்னும் நடவில்லை. "புல்லினங்களின் மன்னன் எனத் தக்கது" என்று முதல் வரி. மன்னன் அப்போது கோணிப்பையில் வேர்க்கட்டையாகக் கிடந்தான்.

எதிர் மேஜைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக ஜட்காக் குதிரை வண்டி ஓட்டிய குடும்பம். வீட்டில் உருது, வெளியில் பட்டணத்துத் தமிழ். ஆபீசில் எல்லோருக்கும் அவர் பாய். அவருக்கு நான் ஐயர். எந்தப் புல்லைக் கொடுத்தாலும் ஒரு தாளைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுவிட்டுத்தான் பேசுவார். நான் புல்லைப் பற்றிப் படித்திருந்தேன். அவர் தின்றிருந்தார்.

நடவு நாளில், வேலைக்கு அமர்த்தியிருந்த புல்லுக்காரம்மா அவருடைய விதையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து வருகிறவள். புல் அறுத்துக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து மயிலாப்பூர் மாட்டுக்காரர்களுக்கு விற்பது அவள் பிழைப்பு.

"இன்னா பாய், இத்தப் போயி வெதைக்கிறே? இது ரோட்டோரம் தானா மொளைச்சிக்கினு கீது."

"தானா மொளைக்கிறதுதாம்மா நமக்கு வோணும்."

"அப்ப நீ இன்னாத்துக்கு? சம்பளத்துக்கா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பில் மன்னனுடைய மந்திரியின் தோரணை இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ இன்னா சாமி சிரிக்கிறே, உன்து மொளைக்கட்டும் மொதல்ல" என்றாள்.

முளைத்தது. தை மாதத்தில் கினியா என் தோள் உயரம். அகலமான இலை, கரும்பச்சை, காற்றடித்தால் பட்டுப் புடவை நடப்பதுபோல ஒரு சத்தம். வரப்புக்கு அந்தப் பக்கம் கொழுக்கட்டை, முடி வெட்டி ஒரு மாதமான தலைபோல் குத்துக் குத்தாக நின்றது. முதல் அறுப்பன்று நான் விடிகிற சமயத்திலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய்விட்டேன். விடிகாலையில் அறுத்தால் புல்லோடு பனியும் தராசில் ஏறும். இது எனக்குத் தெரியும். எந்த நேரத்தில் அறுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. பாய் பத்து மணிக்கு, பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் இருமிக்கொண்டே வந்து இறங்கி, வெயிலில் காய்ந்த புல்லை அறுத்து நிறுத்தார்.

என்னுடையது இரண்டு பங்குக்கு மேல் இருந்தது. பாய் தராசு முள்ளைப் பார்த்தார்.

"மாஷா அல்லா. நல்லா வந்திருக்கு ஐயரே. கை ராசி உங்களுக்கு."

அவர் முகத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு சின்னச் சுருக்கம், ஒரு கசப்பு, எதுவும் இல்லை. உண்மையாகவே சந்தோஷப்படுகிறார். தோற்றவன் பொறாமைப்படாவிட்டால் ஜெயித்தவனுக்கு என்ன கிடைக்கிறது? பொறாமைப்படத் தெரியாத மனிதரைக் கண்டு எனக்கு வரும் பொறாமை தனி ரகம். அன்று மாலை சைக்கிளில் திரும்பும்போது, ஜெயித்தவன் நான், வயிறு எரிந்ததும் நான்.

இரண்டு கட்டுகளையும் வெயிலில் காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும் என்பது அதிகாரியின் உத்தரவு. காய்ந்தபோது என் மன்னனுடைய எடையில் பாதிக்கு மேல் தண்ணீராகப் போய்விட்டது. கொழுக்கட்டை அவ்வளவு இளைக்கவில்லை. அப்போதும் நான்தான் முன்னால், ஆனால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதிகாரி இரண்டு எண்களையும் பார்த்து, "ரொம்ப ஈரமான புல் மிஸ்டர்" என்றார். என்னைப் பற்றிச் சொன்னதுபோல் பட்டது.

அடுத்த அறுப்பை மாட்டுக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். புல்லுக்காரம்மா இரண்டையும் மயிலாப்பூருக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலை, அதே மயிலாப்பூரில், என் வீட்டில் காபியை ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னிக்குக் காபி என்ன விசேஷம்?"

"பொடியெல்லாம் அதேதான். பால்தான் நன்னா இருக்கு. மாடு என்னமோ புதுப் புல் தின்னுதாம், பால்காரன் சொல்லிண்டிருந்தான்" என்றாள் மனைவி.

"கினியாதானே?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும். கொழுக்கட்டைன்னு ஏதோ சொன்னான். நான் பலகாரம்னு நெனச்சேன்."

மீதிக் காபியைக் குடிப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் முழுவதும் எதிரியின் புல்லில் கறந்த பாலைக் குடித்துக்கொண்டு எதிரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் தண்ணீரை நிறுத்தினோம். இரண்டு வாரத்தில் கினியாவின் இலைகள் கோரைப்பாயைச் சுருட்டினதுபோல் சுருண்டன. சித்திரை நடுவில் பழுப்பு. வைகாசியில் மன்னன் நின்றபடியே வைக்கோலாகிக்கொண்டிருந்தான். கொழுக்கட்டை பச்சையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தூசி படிந்து, வெளிறி, பட்டினி கிடக்கிற கிழவன்போல் இருந்தது. ஆனால் பாய் உட்கார்ந்து அடியைப் பிரித்துக் காட்டுவார்; உள்ளே பச்சை இருக்கும்.

கடவுள் சத்தியமாக அவர் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று எனக்குத் தோன்றியது. பனியைத் தராசில் ஏற்றினவனுக்கு இப்படித்தான் தோன்றும். நாங்கள் வயலுக்கு முறை வைத்துப் போய்வருவது வழக்கம்; அவர் முறை நாளில் ஆபீசில் தலைவலி என்று சொல்லிவிட்டு உச்சி வெயிலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சவுக்குத் தோப்புக்குள் நின்று வேவு பார்த்தேன். பாய் தன் பாத்தியோரம் துண்டை விரித்து உட்கார்ந்து ரொட்டி தின்றார். பிறகு எழுந்து, அந்த மணல் கொதிக்கிற கொதியில் கிணற்றடிவரை நடந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். கை கழுவ இவ்வளவு தூரமா? திரும்பும்போது சொம்பில் கொண்டுவருவார் என்று காத்திருந்தேன். வெறுங்கையோடு வந்தார். நாலு நாள் பார்த்தேன், நாலு நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் பொய்த் தலைவலி நிஜமாகவே வந்துவிட்டது.

நானோ அப்படிப்பட்ட ஆளில்லை. என் பாத்தியின் மூலையில் ஒரு புங்கமரம். என் முறை நாளில் அதன் நிழலில்தான் சாப்பாடு. வீட்டிலிருந்து கேரியரில் சோறும் கூஜாவில் தண்ணீரும் வரும். உட்கார்ந்தோம், சாப்பிட்டோம், எழுந்தோம் என்று இருக்க வேண்டும்.

ஆனி பிறந்தபோதுதான் அந்த அற்புதத்தைக் கவனித்தேன். என் பாத்தி முழுவதும் செத்துக் கிடக்க, அந்த மூலையில் ஒரே ஒரு தூர் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. புது இலை விட்டிருந்தது. ஆயிரம் தூரில் ஒரு தூர், வறட்சியைத் தாங்கும் குணத்தோடு பிறந்திருக்கிறது. அதன் வேர்க்கட்டையைப் பிரித்து நட்டால் நூறு, நூறிலிருந்து பத்தாயிரம். சுற்றிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். வீட்டுக்கு வந்து "வறட்சியை வென்ற தூர்" என்று புதிதாக ஓர் அத்தியாயம் எழுதினேன். அதைப் போல நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதியதில்லை. மனைவி படித்துப் பார்த்து, "இந்தப் புல் ஏன்னா இப்படிப் பேசறது?" என்றாள். வசனம்கூட வைத்திருந்தேன்.

அதிகாரியை அழைத்துக்கொண்டு போனேன். பாயும் வந்தார். புல்லுக்காரம்மா வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். நான் கயிற்றை அவிழ்த்து, ஒதுங்கி நின்று, கையை நீட்டினேன். அதிகாரி குந்தி உட்கார்ந்து தூரைப் பார்த்தார். விரலை மண்ணுக்குள் விட்டார். எடுத்துப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே."

"வேர் ஆழத்திலேருந்து இழுக்கறது சார்" என்றேன். அத்தியாயத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அவர் மண்ணை விரலால் கிளறினார். காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று வந்தது. பிறகு ஒரு கறிவேப்பிலை.

வரப்பிலிருந்து குரல் வந்தது. "அது ஒண்ணும் இல்லே தொரை. சாமி வர்றப்போல்லாம் துன்னுட்டு கேரியர் கய்வுற எடம் அது. கை, கால், மூஞ்சி எல்லாம் அங்கதான்."

பனியை நிறுத்ததை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாழ்நாளில் நான் கபடமில்லாமல் செய்த ஒரே காரியம், சாப்பிட்ட இடத்தில் கை கழுவினது, அதில் மாட்டிக்கொண்டேன். அதிகாரி சிரித்திருந்தால் நானும் சிரித்துத் தொலைத்திருப்பேன். அவர் கறிவேப்பிலையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

பாய் தொண்டையைச் செருமினார். "தெரியாம நடந்தது சார். ஐயரு வேணும்னு செய்யற ஆளு இல்லே. நிழல் அங்கதான கீது. ஒரு தூரு தானே, அத்த விட்டுட்டுக் கணக்குப் பாக்கலாம்."

எனக்காகப் பேசினார். அவர் எதற்குக் கிணற்றடிவரை நடந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேவு பார்க்கப் போன நான் நாலு நாள் அவருடைய நேர்மையைத்தான் மறைந்திருந்து பார்த்திருக்கிறேன். வெட்கப்பட வேண்டிய இடம். வெட்கம் வந்தது, ஆனால் பொறாமைதான் முதலில் வந்து இடம் பிடித்துக்கொண்டது.

ஆடிக் கடைசியில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சைக் கம்பளம். இந்தப் பக்கம் புங்கமரத்து மூலையில் என் தூர் மட்டும் தன்னந்தனியாக, சோறு கண்ட செழிப்போடு.

அதிகாரி முடிவைச் சொன்னார். "விளைச்சல்லே கினியாதான் ஒசத்தி, சந்தேகமில்லே. ஆனா கிணத்திலே தண்ணி இருக்கிறவன் நம்ம புஸ்தகத்துக்குக் காத்திண்டிருக்க மாட்டான். தண்ணி இல்லாதவனுக்குத்தான் புஸ்தகம்."

அப்படிப் போயிற்று என் அட்டை.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நோட்டைப் புரட்டிக் காட்டினார். முதல் பக்கத்தில் தலைப்பு. அடுத்து வெள்ளை. அதற்கடுத்தும் வெள்ளை.

"பேசச் சொன்னா பேசிடுவேன் ஐயரே. எயுத ஒக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. நீங்க எயுதிக் குடுங்க. உங்க பேரே போட்டுக்குங்க. எனக்கு அதிலே ஒண்ணும் இல்லே."

என் பெயர். அட்டையில். நான் ஒன்பது மாதம் பாடுபட்டதும், பனியை நிறுத்ததும், தலைவலி வரவழைத்துக்கொண்டதும் இதற்குத்தான். இதோ கூடத்தில் உட்கார்ந்து கொடுக்கிறார்.

"அதெப்படி பாய். உங்க புல்லுக்கு என் பேர் எதுக்கு? நன்னா இருக்காது" என்றேன்.

"சரி ஐயரே. நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

இங்கே ஒன்று விளக்க வேண்டும். எங்கள் தெருவில் யாராவது காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், இப்போதுதான் ஆச்சு என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்பார்கள். எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கையில் டம்ளர் வந்துவிடும். முதல் கேள்விக்கே சரி என்று சொல்லுகிறவன் பறக்காவெட்டி. நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான் எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பாய்க்கு வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. வாசல்வரை வழியனுப்பப் போய், செருப்பு மாட்டுகிறவரை நின்று பார்த்தேன். கேட்கவே இல்லை.

நாலு ஞாயிற்றுக்கிழமை ராயப்பேட்டைக்குப் போய் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். விதையைச் சாம்பலோடு கலந்து தூவுவது, முதல் வருஷம் விதை உதிர்கிறவரை அறுக்காமல் விடுவது, பசித்த குதிரைகூட எந்தப் புல்லை ஒதுக்கும், ஏன் ஒதுக்கும் என்பது. அவர் பேச்சில் எல்லாம் இருந்தது. நான் வாக்கியத்தை நிமிர்த்தினேன். கையிருப்பில் இருந்த என் கினியா அத்தியாயங்களையும் வீணாக்கவில்லை. கினியா என்ற இடத்தில் அடித்துவிட்டுக் கொழுக்கட்டை என்று போட்டேன். "வறட்சியை வென்ற தூர்" அப்படியே உள்ளே போயிற்று, வசனத்தை மட்டும் எடுத்துவிட்டேன். கினியாவுக்குப் பொய்யாக இருந்ததெல்லாம் கொழுக்கட்டைக்கு எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது. இதைவிட ஓர் எழுத்தாளனுக்கு எரிச்சல் தருவது எதுவும் இல்லை.

புத்தகம் வந்தது. பழுப்புக் காகிதம், பதினாறு பக்கம், அட்டையில் பாயின் பெயர். அதிகாரி ஆபீசில் எல்லோர் முன்னிலையிலும், "இவர்கிட்டே இப்படி ஒரு தமிழ் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். பாய் என்னைக் காட்டி, "ஐயருதான் சார் எயுதினாரு" என்றார். அதிகாரி அவர் தோளைத் தட்டி, அந்த அடக்கத்தையும் சேர்த்துப் பாராட்டினார்.

வீட்டில் மனைவி படித்தாள். யார் எழுதியது என்று நான் சொல்லியிருக்கவில்லை. நாலாம் பக்கத்தில் நிமிர்ந்தாள்.

"இது நீங்க எழுதினது."

"எப்படித் தெரியும்?"

"ஒரு புல்லை இவ்வளவு வயத்தெரிச்சலோட வேற யார் புகழ்வா?"

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. சண்டை ஓய்ந்து, காகிதம் தாராளமாகி, இப்போது என் கட்டுரைகள் என் பெயரிலேயே வருகின்றன. நடுவாந்தரமாகப் போகின்றன. போன மாதம் மயிலாப்பூர் குளத்தோரம் புல்லுக்காரம்மாவைப் பார்த்தேன். தலையில் புல்லுக்கட்டு. கொழுக்கட்டைதான்.

"சாமி, நீ கூட பேப்பருல எய்திக்கினு கீறியாமே?"

"ஆமாம்."

"எங்கூட்டாண்ட ஒருத்தன் படிச்சுக் காமிச்சான். இன்னாவோ சொல்லிக்கினே போறே, ஒண்ணும் புடிபடலே. நம்ம பாய் எய்தினாரே புல்லு பொஸ்தவம், அது மாதிரி ஒண்ணு எய்து சாமி. அத்தக் கேட்டா அயுகையே வந்துடும்."

"அது உன்கிட்டே இருக்கா?"

கட்டை இறக்கிவைத்துவிட்டு மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூலையெல்லாம் வெற்றிலைச் சாறு. நின்ற இடத்திலேயே நாலாம் பக்கத்தைப் படித்தேன். அவள் சொன்னது சரிதான். இப்போது அப்படி எனக்கு வருவதில்லை. பிறகு மெதுவாக அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பெயர் மாறியிருக்கவில்லை.